கல் போடாத கண்ணாடி

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தை யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று பார்த்ததும் திகைத்திருப்பாய். பவித்ராவின் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். கூரியர்க்காரன் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டில் ஆள் இருக்கும்போதே கதவு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டுப் போகிறவன் அவன். உறையை ஒட்டவில்லை. வழியில் படிக்க மாட்டேன் என்று அவள் சொன்னாள். நான் நம்பவில்லை. படிக்கட்டும் என்றுதான் திறந்து விட்டிருக்கிறேன். உன் பேராசிரியர் படிக்க விரும்பினாலும் கொடு. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வெட்டுவாய். அதோடு, வாயால் சொன்னதை நாளைக்கு நானே இல்லை என்று சொல்லிவிடக்கூடும். எழுதிவிட்டால் அது முடியாது.

வரும் திங்கட்கிழமை நீ ஆய்வேட்டை ஒப்படைக்கப் போகிறாய். ஒப்படைக்காதே. நான்காவது அத்தியாயம் தப்பு. முப்பத்தொன்றாம் எண் கல்லில் நான் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தக் கல்லுக்குச் சொந்தமானது இல்லை. கண் பிழை செய்யவில்லை, அதை இப்போதும் அடித்துச் சொல்வேன். பிழை வேறு இடத்தில். வரிசையாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

வாட்ச் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னதில்லை. பத்தாவது முடித்துவிட்டு மத்தூரிலிருந்து ஓசூருக்கு வந்தவள் நான். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, முடியைவிட மெல்லிய சுருள்வில்லைப் பிடித்து உட்கார வைக்கிற வேலை. ஒரு தடவை ஒரு தொகுதி கடிகாரம் மொத்தமும் நின்றுபோயிற்று. எண்ணெய் கெட்டியாக இருக்கிறது என்று நான் முதல் நாளே சொன்னேன். சூப்பர்வைசர், "நீ படிச்சது டென்த்து, எண்ணெயைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார். தாளில் என் மேஜை எண்ணைக் குறித்து, 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதினார். மூன்று வாரம் கழித்துச் சத்தமில்லாமல் எண்ணெய் டின்னை மாற்றினார்கள். கடிகாரம் ஓடியது. தாளை யாரும் மாற்றவில்லை. அன்றிலிருந்து, என் கண் பார்த்ததை ஒருவர் மறுத்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். இது நல்ல குணம் என்று சொல்ல வரவில்லை. இப்படித்தான் இருந்தேன், இருக்கிறேன்.

உங்கள் துறைக் கட்டடத்தில் மராமத்து என்று சொல்லி, பேராசிரியரின் பழைய நுண்ணோக்கியை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு முதலில் அதன் மேலும் சந்தேகம்தான். இவ்வளவு விலையுள்ள பொருளை ஒருவர் சும்மா கொடுத்தனுப்புவாரா? பின்னால் உடைந்தது என்று உன் தலையில் கட்டுவாரோ என்று, வந்த அன்றே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்தேன். பாகலூர் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் படம் நடுங்குகிறது என்று நீ புலம்பினாய். மேஜைக் கால் நாலுக்கும் அடியில் டயர் ட்யூபை மடித்து வைத்துக் கொடுத்தது நான். அதற்குப் பிறகுதான் என்னையும் பார்க்கவிட்டாய்.

"இதுல என்னாடா இருக்குது? ஒரே இருட்டு."

"தட்டை மெதுவா திருப்பும்மா."

திருப்பினேன். கறுப்புக்குள் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள் எரிந்து அணைந்தன. கடலில் மிதந்த பாசி தன் உடம்பில் சுண்ணாம்பில் செய்து போர்த்திக்கொண்ட தகடுகள் என்றாய். அரியலூர்ப் பக்கம் கடலாக இருந்த காலத்தில், டைனோசர் நடமாடிய காலத்தில், செத்து அடியில் படிந்தவை. ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கு மேல் வரிசையாக வைக்கலாம் என்றாய். எந்தத் தகடு எந்தப் படுகையில் இருக்கிறது, எந்தப் படுகையோடு காணாமல் போகிறது என்று பார்த்தால் கல்லின் வயது தெரியும். ஓடைக் கரையில் கீழிருந்து மேலாக நாற்பது இடத்தில் கல் எடுத்து எண் போட்டிருந்தாய். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை பொடி, ஒரு சொட்டுத் தண்ணீர், பல் குத்தும் குச்சியால் மெல்லிய கண்ணாடியில் தேய்ப்பு, சூடான தட்டில் காயவைப்பு, பிறகு வெயிலில் இறுகும் பசையால் கண்ணாடிப் பட்டையில் ஒட்டு. இதுதான் வேலை.

பெயர்கள் வாயில் நுழையாமல் இரண்டு நாள் தடுமாறினேன். பிறகு எனக்குத் தெரிந்த வழியில் பிடித்துக்கொண்டேன். எய்ஃபெலித்தஸ் என்று இரண்டு பங்காளிகள். இரண்டும் முட்டை வடிவ வளையம், நடுவில் ஒரு சிலுவை. வளையத்தின் நீளவாட்டைப் பன்னிரண்டு–ஆறு என்று வைத்துக்கொண்டால், சிலுவையின் கைகள் ஒன்றரை, நாலரை, ஏழரை, பத்தரையில் சாய்ந்து நின்றால் அது டுரிசைஃபெலி. பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பதை ஒட்டி, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் தள்ளி நின்றால் அது எக்ஸிமியஸ். இதை உங்கப்பாவிடம் விளக்கினபோது, "ஏழரையைத் தேடி அவ்வளவு தூரம் போகணுமா? முப்பது வருஷமா இந்த வீட்லதானே இருக்குது" என்றார். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் உன்னைவிட வேகமாகப் பிரித்தேன் என்று நீயே உன் பேராசிரியரிடம் சொன்னாய்.

எக்ஸிமியஸ் இருபதாம் கல் வரை ஏராளம். அதற்கு மேல் இல்லை. அந்த இனமே அந்த இடத்தோடு உலகத்தில் முடிந்துபோயிற்று என்று புத்தகங்கள் சொல்வதாகச் சொன்னாய். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தொன்றாம் கல்லின் கண்ணாடியில், வலது ஓரத்தில், ஒன்று நின்றது. பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடம். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாலு கையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து அணைந்தது. உன்னைக் கூப்பிட்டேன். நீ பார்த்தாய், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என் தலையில் முத்தம் கொடுத்தாய். இந்த இனம் நம் பக்கத்துக் கடலில் மட்டும் கூடுதல் காலம் வாழ்ந்திருக்கிறது, இதுவே என் அத்தியாயம் என்றாய். பத்தாவது படித்தவள் கண்ணுக்கு அகப்பட்டது பார்த்தாயா என்று அன்றைக்கு முழுக்க எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பவித்ரா வந்தாள். உனக்கு நிச்சயம் செய்த பெண், உன் துறையிலேயே ஆராய்ச்சி செய்கிறவள், கெலமங்கலத்தில் பீன்ஸ் போடுகிற குடும்பம். ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடியைக் குனிந்த தலை நிமிராமல் பார்த்தாள்.

"அடையாளம் கரெக்டு ஆன்ட்டி. எக்ஸிமியஸ்தான். ஆனா இந்தக் கல்லோடது இல்லேன்னு நினைக்கிறேன்."

"பின்ன யாரோடது? எதிர் வீட்டோடதா?"

"கீழ இருக்கற கல்லுலருந்து எப்படியோ ஒட்டிக்கிட்டு வந்திருக்குது. ஒண்ணே ஒண்ணுதானே?"

"நீயுந்தான் உங்க வீட்ல ஒண்ணே ஒண்ணு. அதுக்காக அந்த வீட்ல பொண்ணே இல்லேன்னு சொல்லிடலாமா?"

உங்கப்பா வாயைப் பொத்திக்கொண்டார். அவள் முகம் மாறவில்லை. "கல்லே போடாம ஒரு ஸ்லைட் பண்ணுங்க ஆன்ட்டி. வெறும் தண்ணி, குச்சி, கண்ணாடி. அதுல ஒண்ணுமே இல்லேன்னா நான் ஒத்துக்கறேன்."

"அரிசி போடாம சோறு பொங்குன்னு சொல்ற."

"அதான் ஆன்ட்டி. அரிசி போடாமலே சோறு வந்துச்சுன்னா, பானையில ஏதோ இருக்குதுன்னு அர்த்தம்."

எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். முப்பத்தொன்றாம் கல்லில் ஒரு துண்டு கொடுத்தால் தானே செய்து பார்ப்பதாகக் கேட்டாள். கொடுக்கவில்லை. கல் இருந்த பையைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் போனதும் உன்னிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அவளுடைய ஆராய்ச்சியே அந்த இனம் அந்த இடத்தோடு முடிந்தது என்பதுதானே, நீ சொல்வது சரியென்றால் அவள் நாலு வருட வேலை வீண்தானே, கல் அவள் கைக்குப் போனால் வேறு கல்லாகத்தான் திரும்பும் என்றேன். நீ நம்பத் தயங்கினாய். மறுநாள் அதே கல்லில் இன்னொரு கண்ணாடி செய்தாய். அதிலும் ஒரு எக்ஸிமியஸ் கிடைத்தது. அதன் பிறகு நீ தயங்கவில்லை. "உனக்குப் பொறாமை" என்று போனில் அவளிடம் நீ சொன்னது எனக்குச் சமையலறையில் கேட்டது. குரல் உன்னுடையது, சொல் என்னுடையது. பத்து நாள் கழித்து அவள் அப்பா வந்து, காபியைக்கூடத் தொடாமல், "ஆவணியில கல்யாணம் வேண்டாங்க, பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ எழுதி முடிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாய். நுண்ணோக்கி இங்கேயே இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், அந்தப் பெண்ணின் வாயை ஒரேயடியாக அடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், கல் போடாத கண்ணாடி ஒன்று செய்தேன். வெறும் இருட்டைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவது என் திட்டம். உட்கார்ந்து தட்டைத் திருப்பினேன். வெள்ளை வட்டங்கள் எரிந்தன. ஒன்றிரண்டு இல்லை, அரை மணியில் நாற்பது எண்ணினேன். நாற்பத்தோராவது பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் நின்றது.

முதலில் யாரைச் சந்தேகப்பட்டேன் என்று உனக்கே தெரியும். அவள் இந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளே, எதையாவது தூவிவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் நினைத்தால் போதாது, பிடிக்க வேண்டும். தண்ணீரை மாற்றினேன், கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் செய்தேன். வந்தது. பிரிக்காத பெட்டியிலிருந்து புதுக் கண்ணாடி எடுத்தேன். வந்தது. குச்சியே இல்லாமல், தண்ணீரை மட்டும் சொட்டவிட்டுக் காயவைத்தேன். வரவில்லை. இரண்டு தடவை செய்தேன், இரண்டு தடவையும் வரவில்லை. அப்போது குச்சி டப்பாவை எடுத்து, பழைய லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தேன். கடையில் விற்கிற குச்சியின் முனை மெஷினில் உருண்டையாக வரும். இவை மூன்று பட்டையாகச் சீவப்பட்டிருந்தன. அப்படிச் சீவுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

தொழிற்சாலையில், கடிகாரத்துக்குள் சக்கரத்தின் அச்சைத் தாங்குகிற பொடிக் கல்லின் துளையைச் சுத்தம் செய்ய மெல்லிய மரக்குச்சி தருவார்கள். ஒரு துளை குத்தியதும் முனை அழுக்காகும். பிளேடால் மூன்று பக்கம் சீவிவிட்டு அடுத்த துளையைக் குத்த வேண்டும். ஒரு குச்சி மாதக்கணக்கில் வரும். ஒரு கல்லுக்கு ஒரு குச்சி என்று நீ எடுத்து எடுத்துக் கூடையில் எறிந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் கூடையிலிருந்து பொறுக்கி, கழுவி, காயவைத்து, முனை சீவி மறுபடி டப்பாவில் நிரப்பி வைத்தேன். வாட்சில் அது சிக்கனம். உன் வேலையில், மரத்தின் இழைக்குள் நகக்கண் அளவு சேறு தங்கினால் அதற்குள் ஆயிரக்கணக்கில் தகடு இருக்கும். பதினாறாம் கல்லையும் இருபதாம் கல்லையும் தேய்த்த குச்சியால் முப்பத்தொன்றைத் தேய்த்திருக்கிறாய். இரண்டாவது தடவை செய்ததும் அதே டப்பாவில்தான். மற்றக் கல்லெல்லாம் தப்பித்தது என்றும் நினைக்காதே, முப்பத்தொன்றைப் போல் ஓரம் வரை அவற்றைத் தேடவில்லை.

குற்றம் என்னுடையது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இருநூறு குச்சி டப்பா ஒன்று நாலு மாதம் தீரவே இல்லை. அட்சய பாத்திரமா அது? ஒரு நாளாவது உனக்குச் சந்தேகம் வர வேண்டாமா? உன்னை நான் அப்படி வளர்த்துவிட்டேன். உனக்குச் சேர்த்து நானே சந்தேகப்பட்டேன், உனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இனிமேல் நீயே படு. கையில் எடுக்கிற ஒவ்வொன்றையும், எடுத்துக் கொடுக்கிறவர்களையும், பெற்றவளையும் சேர்த்து.

போன வியாழக்கிழமை பீரோவைத் திறந்து கல் பையை எடுத்துக்கொண்டு கெலமங்கலம் பஸ் ஏறினேன். அவள் ஊருக்கு வந்திருப்பது அவள் அப்பாவுக்குப் போன் செய்து தெரிந்துகொண்டது. வாசலில் அவள் அம்மா பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். "பன்னி, ஒளகே பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே கூப்பிட்டாள். நான் படியிலேயே நின்றேன். பவித்ரா வந்தாள்.

"இதைப் பிடி. முப்பத்தொண்ணு."

"என்னாச்சு ஆன்ட்டி?"

"பானையில இருந்துச்சு."

அவள் பையை வாங்கவில்லை. "நான் மட்டும் தனியா பார்க்க மாட்டேன். இல்லேன்னு நான் சொன்னா, மறைச்சிட்டேன்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன்தான்."

"அப்ப உங்க வீட்லயே பார்க்கலாம். நீங்களும் பக்கத்துல உக்காருங்க. நான் தேய்க்கறேன், நீங்க பாருங்க. நீங்க தேய்ங்க, நான் பார்க்கறேன்."

அவள் அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது. "மொதல்ல ரெண்டு பேரும் ஒரு வாய் சாப்பிடுங்கோ, அப்புறம் தேயுங்கோ" என்றாள். சாப்பிட்டேன். களியும் அவரைக்காய்க் குழம்பும். உப்புக் கொஞ்சம் கம்மி.

வெள்ளியும் சனியும் அவள் நம் வீட்டில் இருந்தாள். குச்சிப் பாக்கெட்டை என் கண்ணுக்கு முன்னால் பிரித்தாள். தேய்த்த ஒவ்வொரு குச்சியையும் இரண்டாக ஒடித்துத்தான் கூடையில் போட்டாள், என்னைப் பார்த்துக்கொண்டே. முதலில் கல் போடாத கண்ணாடி. இருட்டு, வெறும் இருட்டு. பிறகு முப்பத்தொன்றில் நாலு கண்ணாடி. மூலையிலிருந்து மூலைக்கு இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். டுரிசைஃபெலி மட்டும் நூற்றுப்பத்து. பன்னிரண்டில் நிற்பது ஒன்றுகூட இல்லை. ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்து கூப்பிட்டேன், அவள் பார்த்துவிட்டு, "உடைஞ்சது ஆன்ட்டி, ஒரு கை போயிடுச்சு. நீங்களே சொல்லுங்க" என்றாள். திரும்பப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மன்னிப்புக் கேட்டாயா என்று உங்கப்பா அன்றைக்குக் கேட்டார். கல்லைக் கொடுத்தேன் என்றேன்.

இப்போது உன் வேலை. முதல் பதினைந்து கல்லும் பல்கலைக்கழகத்தில் செய்தவை, அவை பிழைக்கும். பதினாறிலிருந்து நாற்பது வரை இருபத்தைந்தும் இந்த வீட்டில், அந்த டப்பாவில் செய்தவை. எல்லாவற்றையும் மறுபடி செய்தாக வேண்டும். அவகாசம் கேள். பேராசிரியர் கோபப்பட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. தனியாகப் பார்த்தால் இரண்டு மாதம், இரண்டு பேர் பார்த்தால் ஒரு மாதத்தில் முடியும் என்று பவித்ரா கணக்குச் சொன்னாள். அந்த இரண்டு பேர் யார் யார் என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. அதை நீதான் கேட்க வேண்டும், போனில் கேட்காதே. "இல்லை" என்று சொன்னால் அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. எனக்கு இன்னமும் அவளைப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை கூடுதலாகத்தான் பேசுகிறாள். ஆனால் நான் எல்லோரையும் சந்தேகப்பட்ட அந்த வருடங்களில், "கல்லே போடாமல் பாருங்கள்" என்று என்னிடம் சொன்னவள் அவள் ஒருத்திதான். நீ சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. நீ அனுப்பிய நகலில் நன்றிப் பக்கத்தைப் படித்தேன். முப்பத்தொன்றாம் கல்லின் மாதிரியை முதலில் கண்டது என் தாய் என்று பெயரோடு எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன், அச்சில் என் பெயர் வந்த முதல் இடம் அது. அதை எடுத்துவிடு. இருபத்தைந்து கல்லை ஏன் மறுபடி செய்தாய் என்று விளக்குகிற பக்கம் ஒன்று வரும் அல்லவா, அங்கே போடு. 'தயாரிப்பின்போது கலப்பு நேர்ந்தது' என்று, யாரும் செய்யாமல் தானாக நடந்ததுபோல் எழுதாதே. பயன்படுத்திய குச்சிகளைச் சீவித் திரும்ப டப்பாவில் வைத்தது யார் என்று எழுது. முழுப் பெயர், இனிஷியலோடு.

உன் அம்மா